அரைத் தட்டு முன்னால்

நாலு பர்சென்ட்டுன்னு காட்டுது. இருபது நிமிஷம் ஆகும்மா, சோபாவுல சாய்ஞ்சு உட்காருங்க, ஏசி ஜாஸ்தியா இருந்தா சொல்லுங்கன்னுட்டு இந்த இர்ஃபான் தம்பி காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு வேற ஏதோ பாட்டுப் பக்கம் திரும்பிட்டான். ஏசி ஜாஸ்திதான். சொல்லலை. சாலிகிராமத்துல ஒரு அபார்ட்மென்ட், ரெண்டாவது மாடி, எதிர் வீட்டு வாசல்ல செருப்பு ஸ்டாண்டு, இந்த வீட்டு வாசல்லயும் செருப்பு ஸ்டாண்டு, உள்ள வந்தா யாரோ படுத்துத் தூங்கியிருக்க வேண்டிய ரூமுக்கு செவுரெல்லாம் கறுப்பு ஸ்பாஞ்சு ஒட்டி வெச்சு ஸ்டுடியோங்கறாங்க. வந்ததும் ஒரு தரம் கை தட்டிப் பார்த்தேன், பழக்க தோஷம். சத்தம் எங்கேயும் போகலை, தட்டின இடத்துலயே செத்துப்போச்சு. அந்தக் காலத்து ஹால்ல கை தட்டினா அது ஒரு சுத்து சுத்திட்டு வந்து என்னம்மா கூப்பிட்டியான்னு கேக்கும். சரி, அந்தக் காலம் அந்தக் காலம்னு ஆரம்பிச்சா எனக்கே என் மேல எரிச்சல் வருது. இந்தக் கம்ப்யூட்டர் இப்ப என்ன பண்ணிக்கிட்டிருக்குன்னா, முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னாடி நாங்க நாலு பொண்ணுங்க கோரஸ் பாடின ஒரே ஒரு 'ஓ'வை ஆளாளுக்குப் பிரிச்சுக்கிட்டிருக்கு. நேத்தே வயலின் வேற, தபலா வேற, குரல் வேறன்னு பிரிச்சுட்டானாம். இன்னைக்கு எங்களையும் பிரிக்கப்போறான். அதுக்கு என் குரலை அந்த மெஷினுக்குக் காட்டிக் குடுக்கணும்னு வந்ததும் வராததுமா மைக் முன்னாடி நிறுத்தி ரெண்டு நிமிஷம் 'ஓ'ன்னு பாட வெச்சான். அறுபத்திமூணு வயசுத் தொண்டையை வெச்சுக்கிட்டு இருபத்தஞ்சு வயசுத் தொண்டையைத் தேடுமாம். தேடட்டும், நானும்தான் தேடிக்கிட்டிருக்கேன். "உங்க குரலைத் தனியா எடுத்துட்டோம்னா, உங்க மைக்ல கூட நின்னவங்க குரல் மிச்சமா நிக்கும்மா"ன்னான். மிச்சமாம். என் பிலோமினாவை மிச்சம்னுட்டான் பாரு.

அவனைச் சொல்லிக் குத்தமில்லை, நல்ல பிள்ளை, முப்பத்தஞ்சு வயசு இருக்கும், போன்லகூட அம்மா அம்மான்னுதான் பேசினான். நேத்து சாயங்காலம் கூப்பிட்டான். பாட்டுக்காரங்க யூனியன்ல என் நம்பர் வாங்கினானாம். அந்தப் பழைய பாட்டை ஒரு புதுப் படத்துக்காகத் திரும்பப் பண்றாங்களாம், புது மியூசிக் டைரக்டர் கோயம்புத்தூர்ல அவர் வீட்டுல உட்கார்ந்துக்கிட்டே பண்றாராம், பழைய குரல்களை அப்படியே வெச்சுக்கிட்டு மத்ததெல்லாம் புதுசாம். "ஒரு சின்ன சந்தேகம்மா. ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி ஒரு 'ஓ' வருதில்ல, அது அரைத் தட்டு முன்னாடியே வந்துடுது. கம்ப்யூட்டர் தாளக் கட்டத்துல உட்கார மாட்டேங்குது. அது தப்பா, இல்ல வேணும்னே அப்படி வெச்சதா? சார் கேக்கச் சொன்னாரு. தப்புன்னா நேராக்கிடுவோம்"ன்னான். அரைத் தட்டுன்னதும் என் மருமகப்பிள்ளை பக்கத்துல இருந்துக்கிட்டு பிரியாணியா அத்தைன்னு கேட்டுச் சிரிச்சாரு. எனக்குச் சிரிப்பு வரலை. தப்பான்னு கேட்டா ஆமான்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம், வேணும்னேன்னு சொல்லிட்டும் போயிருக்கலாம், எது சொன்னாலும் அவன் சரிம்மான்னு வெச்சிருப்பான். நான் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்காம, யார் யார் எப்ப பாடினாங்கன்னு பிரிச்சுப் பார்க்க முடியுமாப்பான்னு கேட்டேன். முடியும்மா, இப்பல்லாம் முடியும், நேர்ல வந்தீங்கன்னா பண்ணிடலாம்னான். ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. காலையில குளிச்சு, கறுப்புக் கரை போட்ட புடவையைக் கட்டிக்கிட்டு, ஆட்டோ பிடிச்சு வந்து, இதோ பதினொரு பர்சென்ட். நானே சொந்தக் காசுல ஆட்டோ வெச்சு வந்து மாட்டிக்கிறேன். ஊர்ல யாராவது செய்வாங்களா இதை. ஆனா அந்த ஒரு 'ஓ' இருக்கே, அது சாதாரண 'ஓ' இல்லை. படம் பதினொரு நாள் ஓடுச்சு, பாட்டு இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. எந்தக் கல்யாணத்துல எந்தக் கச்சேரிக்காரங்க பாடினாலும் அந்த இடம் வரும்போது தபலா விழறதுக்கு முன்னாடி 'ஓ'ன்னு முந்துவாங்க, கூட்டம் உடனே கை தட்டும். என் பொண்ணு கல்யாணத்துலயே தட்டினாங்க. நான் பந்தியில பாயசம் போட்டாச்சான்னு பார்க்கற மாதிரி எழுந்து போயிட்டேன்.

நாங்க அதைப் பாடின ரெகார்டிங் ஹால் இப்ப இல்லை, இடிச்சுட்டு கார் விக்கிற கடை கட்டிட்டாங்க. அது இருந்தப்போ காலையில ஏழு மணிக்கு உள்ள போனா புது மரமும் சாம்பிராணியும் வயலின்காரங்க வெத்தலையும் கலந்து ஒரு வாசனை வரும் பாரு, இப்ப நினைச்சாலும் மூக்குல ஏறுது. அறுபது பேரு. இருபது வயலின், செல்லோ ஒரு மூலையில, தபலாக்காரருக்குக் கண்ணாடித் தடுப்பு, எங்களுக்குக் கதவோரம் ரெண்டு மைக், மைக்குக்கு ரெண்டு பொண்ணுங்க. எல்லாரும் ஒரே நேரத்துல வாசிக்கணும், ஒரே நேரத்துல பாடணும், செவப்பு லைட் எரிஞ்சா டேக். டேக் ஓடும்போது கூரை இடிஞ்சு தலையில விழுந்தாலும் நிறுத்தக்கூடாது, கடைசி வரைக்கும் போய்த்தான் நிக்கணும். ஒருத்தர் தப்பு பண்ணா அறுபது பேரும் மறுபடி முதல்லேர்ந்து. என் மைக்ல என் பக்கத்துல பிலோமினா, பிலோ. தூத்துக்குடிப் பொண்ணு. மாதா கோயில் கொயர்ல கூட்டாப் பாடி வளர்ந்தவ, அஞ்சு கோட்டுல புள்ளி குத்தின அந்த நொட்டேஷன் பேப்பரை நாம பேப்பர் படிக்கிற மாதிரி காப்பி குடிச்சுக்கிட்டே படிப்பா. நான் பெரம்பூர், ரயில்வே குவார்ட்டர்ஸ்ல ரேடியோ கேட்டுக் கேட்டுப் பாடினவ. காதால ஒரு தரம் கேட்டா பாடிடுவேன், பேப்பரைக் காட்டினா எனக்குக் கோலப்புள்ளி மாதிரிதான் தெரியும். இது யாருக்கும் தெரியாது. நொட்டேஷன் படிக்கத் தெரியும்னு பொய் சொல்லித்தான் கோரஸ்ல சேர்ந்தேன். தெரியாதுன்னு தெரிஞ்சிருந்தா எங்க ஹென்றி மாஸ்டர், கையில குச்சி வெச்சுக்கிட்டு அறுபது பேரையும் நடத்தறவரு, அன்னைக்கே வெளிய அனுப்பியிருப்பாரு. பாடுற இடம் பிரச்சனை இல்லை, சும்மா நிக்கிற இடம்தான் பிரச்சனை. பன்னெண்டு பார் சும்மா நிக்கணும்னு பேப்பர்ல போட்டிருக்கும், நாலு தட்டு ஒரு பார், நாப்பத்தெட்டுத் தட்டு எண்ணி நாப்பத்தொம்பதாவது தட்டுல டாண்ணு வரணும். எனக்குப் பாட்டு ஓடும்போது எண்ண வராது, பாட்டைக் கேக்க ஆரம்பிச்சுடுவேன். அதனால பிலோ எண்ணுவா. அவ சுண்டு விரலும் என் சுண்டு விரலும் புடவை மடிப்புக்குள்ள கோத்துக்கிட்டிருக்கும், நேரம் வந்தா ஒரு அழுத்து அழுத்துவா, நான் வாயைத் திறப்பேன். மூணு வருஷம் இப்படியே ஓட்டினோம். ஏட்டி, என் விரல் இல்லாட்டி நீ ஊமைன்னு கேலி பண்ணுவா. உண்மைதானே.

முப்பத்தேழு பர்சென்ட்டுல நிக்குது. அஞ்சு நிமிஷமா நிக்குது. தம்பி, நின்னுடுச்சான்னு கேட்டேன். "இல்லைம்மா, யோசிக்குது, அந்த இடத்துல கஷ்டமா இருக்கு போல"ன்னான். கஷ்டமாத்தான் இருக்கும், எனக்கும் அதே இடத்துலதான் கஷ்டமா இருக்கு. அன்னைக்கு மே மாசம். ஏசி சத்தம் மைக்ல ஏறுதுன்னு டேக்குக்கு முன்னாடி நிறுத்திடுவாங்க, வேர்வை முதுகுல கோடு போட்டு இறங்கும். எட்டு டேக் ஆகி, டீ குடிக்க விட்டாங்க. எங்க மியூசிக் டைரக்டர் சந்தானகிருஷ்ணன் சார் யார்கிட்டயும் பேசவே மாட்டாரு, எங்களுக்கெல்லாம் அவர் சார் மட்டும்தான், பேரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அவர் டீ கிளாஸோட நேரா எங்ககிட்ட வந்தாரு. வந்து பிலோவைப் பார்த்து, உன் குரல் தனியாத் தெரியுதும்மா, அடுத்த மாசம் ஒரு பாட்டுல நாலு வரி தனியாத் தரேன், பாடறியான்னாரு. எனக்கு அவளைக் கட்டிக்கணும் போல இருந்துச்சு, கட்டிக்கிட்டேன். பொய்யில்லை, சந்தோஷம்தான். ஆனா சந்தோஷத்துக்குள்ள ஒரு சின்ன முள்ளு இருந்துச்சு, அதையும் சொல்லணுமில்ல. தனியாத் தெரியுதுன்னா அப்ப நான்? ஒரே மைக்ல ரெண்டு பேர் நிக்கிறோம், ஒருத்தி குரல் தனியாத் தெரிஞ்சா இன்னொருத்தி குரல் என்ன ஆச்சு? போய் நின்னோம். ஒன்பதாவது டேக். செவப்பு லைட் எரிஞ்சுது. பன்னெண்டு பார் சும்மா நிக்கிற இடம் வந்துது. அவ விரல் என் விரல்ல. நான் தட்டை எண்ணலை, பாட்டையும் கேக்கலை, அப்ப நான் அப்ப நான்னு அதையே நினைச்சுக்கிட்டு நிக்கிறேன். திடீர்னு நான் பாடிட்டேன். அழுத்தினாளா? அழுத்தினா மாதிரிதான் இருந்துச்சு. இல்ல வேர்வையில விரல் வழுக்குச்சா? வழுக்கினது எனக்கு அழுத்தினா மாதிரி பட்டுச்சா? இல்ல யாரும் அழுத்தாம, யாரும் கேக்காம, நான் ஒருத்தி இருக்கேன்னு காட்ட நானேதான் முந்தினேனா? ஆனா அவளும்தான் பாடினா, என் காதுகிட்ட அவ குரல் வந்துச்சே, ரெண்டு பேரும் சேர்ந்துதான் முந்தினோம். சேர்ந்து முந்தினோம்னா அவதான் தப்பா எண்ணியிருக்கணும், அவதான் அழுத்தியிருக்கணும். இதைத்தான் முப்பத்தெட்டு வருஷமா எனக்கு நானே சொல்லிக்கிறேன். சொல்லிச் சொல்லி அந்த இடம் தேய்ஞ்சே போச்சு, இப்ப எது நடந்தது, எது நான் சொல்லிக்கிட்டதுன்னே தெரியலை.

டேக் கடைசி வரைக்கும் போச்சு. லைட் அணைஞ்சுது. ஹென்றி மாஸ்டர் குச்சியைக் கீழே வெச்சாரு. அவர் கத்தினா பயமில்லை, கத்தாம இருந்தா பயம். "கோரஸ்ல யாரு முந்தினது?" அவ்வளவுதான் கேட்டாரு. நான் தரையைப் பார்க்கறேன், மரத்தரையில ஒரு ஆணி தலை தூக்கியிருந்துச்சு, இன்னைக்குப் போய் நின்னாலும் அந்த ஆணி இருக்கிற இடத்தைக் காட்டுவேன். நான்னு சொன்னா, ஏம்மா பேப்பர்ல பன்னெண்டு பார்னு போட்டிருக்கே படிக்கலையான்னு கேப்பாரு, பேப்பரைப் படின்னு நீட்டுவாரு, படிக்கத் தெரியாதுன்னு ஊருக்கே தெரிஞ்சுடும். அப்ப வீட்டுல அப்பா ரிட்டயர் ஆகி உட்கார்ந்திருந்தாரு. என் கூடப்பொறந்த தம்பி பாலிடெக்னிக்ல படிச்சுக்கிட்டிருந்தான். என் ஒருத்தி வாய்லதான் வீடு ஓடுச்சு. பிலோவுக்கு இது அத்தனையும் தெரியும். என் சுண்டு விரலை விட்டுட்டு அந்தக் கை மேல போச்சு. "நான்தான் மாஸ்டர்." வெளிய போன்னாரு. போயிட்டா. என்னைத் திரும்பிப் பார்த்தாளான்னு கேட்டா தெரியாது, நான்தான் ஆணியைப் பார்த்துக்கிட்டிருந்தேனே. மூணு பேரை வெச்சு இன்னொரு டேக் எடுத்து, அது சுத்தமா வந்துச்சுன்னு எல்லாரும் சாப்பிடப் போனாங்க. சாயங்காலம் சார் ரெண்டையும் போட்டுக் கேட்டுட்டு, "சுத்தமானது வேணாம். அந்த முந்தினது இல்லாம பாட்டு படுத்துக்கிச்சு. அதையே வெச்சுக்கலாம்"ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாரு. அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்கன்னு ஆள் அனுப்பினாங்க, அதுக்குள்ள அவ ஹாஸ்டலைக் காலி பண்ணிட்டு தூத்துக்குடி ரயிலேறிட்டா. ரோஷக்காரி. லெட்டர் போட்டாங்க, வரலை. அடுத்த மாசம் அந்த நாலு வரி என்கிட்ட வந்துச்சு. பாடினேன். படம் நீளம்னு அந்த நாலு வரியை வெட்டிட்டாங்க. தெய்வம் சும்மா விடுமா. அதுக்கப்புறம் இருபது வருஷம் பாடினேன், ஒரு ரெகார்டு அட்டையிலகூட என் பேர் வரலை. பேர் பேரா வரிசையாப் போட்டுட்டு, கடைசியில 'மற்றும் குழுவினர்'. ரேடியோவுலயும் அப்படித்தான் சொல்லுவாங்க. என் பேர் தமயந்தி இல்லை, மற்றும் குழுவினர்.

பிலோ பேரு மட்டும் என் வீட்டுல இருக்கு. அன்னைக்கு அவசரத்துல டிபன் டப்பாவை விட்டுட்டுப் போயிட்டா, ரெண்டு அடுக்கு எவர்சில்வர், மூடியில 'பிலோமினா'ன்னு புள்ளி புள்ளியா பேர் வெட்டியிருக்கும். எடுத்துட்டு வந்தேன். தேய்ச்சுக் கழுவி வெச்சு, திருப்பிக் குடுக்கணும்னு தபாலாபீஸ் வரைக்கும்கூட போனேன். எங்கம்மா சொல்லுவாங்க, அடுத்தவங்க பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் குடுக்கக்கூடாது, ஒரு பிடி சக்கரையாவது போட்டுத்தான் குடுக்கணும்னு. அதுல என்னத்தைப் போட்டுத் திருப்பறது? முறுக்கா? மன்னிச்சுக்கோன்னு ஒரு சீட்டா? என்ன போடறதுன்னு தெரியாமலே முப்பத்தெட்டு வருஷம் ஓடிப்போச்சு. இப்ப அதுல கடுகு இருக்கு. தினம் தாளிக்கும்போது அந்தப் பேரைத் திறந்து அந்தப் பேரை மூடறேன். பன்னெண்டு வருஷம் முன்னாடி யாரோ நம்பர் குடுத்து போன்ல திரும்பப் பழக்கமாச்சு, பழக்கம்னா என்ன, கிறிஸ்மஸுக்கு அவ ஒரு நட்சத்திரப் படம் அனுப்புவா, பொங்கலுக்கு நான் கரும்புப் படம் அனுப்புவேன். ஸ்கூல்ல பாட்டு டீச்சரா இருந்து ரிட்டயர் ஆகிட்டாளாம், இப்பவும் கோயில்ல கொயர் நடத்தறாளாம். அந்தப் பாட்டைப் பத்தி அவளும் பேசினதில்லை, நானும் பேசினதில்லை. அந்த இடம் வந்தா ரெண்டு பேரும் பன்னெண்டு பார் சும்மா நிப்போம்.

அறுபத்தொண்ணு. அப்பாடா, நகருது. இந்தத் தம்பி என்ன பண்றான்னு எட்டிப் பார்த்தேன். ஸ்க்ரீன்ல கணக்கு நோட்டு மாதிரி கட்டம் கட்டமாக் கோடு, அதுக்குள்ள பச்சையா நீலமாப் பாட்டு. ஒரே ஒரு பொண்ணோட குரலை எடுத்து நாப்பதாப் பெருக்கிக் கோரஸ் ஆக்கறான். பாட்டுக்காரி பெங்களூர்ல அவ வீட்டு அலமாரிக்குள்ள நின்னு போன்ல பாடி அனுப்பினாளாம், துணிங்களுக்கு நடுவுல நின்னா எதிரொலி வராதாம். "வயலின் யாரு தம்பி?" "வயலின் யாருமில்லைம்மா, இதுதான்"னு கீபோர்டைத் தொட்டுக் காட்டினான். மூச்சு விடற சத்தத்தையெல்லாம் பொறுக்கிப் பொறுக்கி எடுத்துப் போட்டுக்கிட்டிருந்தான், பூச்சி பொறுக்கற மாதிரி. மூச்சே விடாம எப்படிப்பா பாடுவாங்கன்னு கேட்டேன், சிரிச்சான். நான் திட்டறேன்னு நினைச்சுக்கக்கூடாது, எனக்கு அதைப் பார்க்கப் பொறாமையா இருந்துச்சு. அந்தப் பொண்ணு ஒரு இடத்துல சுருதி இறங்கிட்டா, இவன் மவுஸால லேசா மேல தூக்கினான், சரியாயிடுச்சு. ஒரு இடத்துல முந்திட்டா, தள்ளி வெச்சான், சரியாயிடுச்சு. அவ்வளவுதான். யாரும் குச்சியைக் கீழே வெக்கலை. யாருதுன்னு யாரும் கேக்கலை. அந்தப் பொண்ணுக்குத் தான் முந்தினதே தெரியாது. அன்னைக்கு இது ஒண்ணு இருந்திருந்தா பிலோ தூத்துக்குடிக்குப் போயிருக்க மாட்டா, யாருக்காகவும் யாரும் கை தூக்க வேண்டி வந்திருக்காது. ஆனா அந்தப் பாட்டும் இருந்திருக்காது. அறுபது பேர் ஒரே ரூம்ல பயந்துக்கிட்டு ஒண்ணா நின்ன அந்தப் பயம், அது எனக்கு இப்ப வேணும்போல இருக்கு, என்ன பைத்தியமோ. பக்கத்துல ஒருத்தி வேர்வை வாசனை, கோத்த விரலு, செவப்பு லைட். அலமாரிக்குள்ள தனியா நின்னு பாடற அந்தப் பொண்ணுக்கு யாரு விரல் குடுப்பாங்க. எண்பத்தெட்டு. ஐயோ, இன்னும் கொஞ்சம் மெதுவாப் போயேன். நான் கேட்டுக்கிட்டு வந்ததுதான், இருந்தாலும் எழுந்து போயிடலாமான்னு இருக்கு. வயசானவ, தலை சுத்துச்சுன்னு சொன்னா நம்புவான். தொண்ணூத்தாறு.

"வந்துடுச்சும்மா." ஸ்பீக்கரைத் திருப்பினான். "முதல்ல உங்களுது." ஒரு மின்விசிறி மாதிரி இரைச்சல், அப்புறம் ஒரு பொண்ணு. வயலின் இல்லை, தபலா இல்லை, அம்மணமா ஒரு பொண்ணு 'ஓ'ங்கறா. யாருடி நீ. இவ்வளவு நல்லாவா பாடின. கண்ணுல தண்ணி கோத்துக்கிச்சு, அது எனக்காக இல்லை, அந்தப் பொண்ணுக்கு நான்கூட அப்ப சொல்லலையேன்னு. "இது அவங்களுது"ன்னு அடுத்ததைப் போட்டான். பிலோ. முப்பத்தெட்டு வருஷத்துக்கு அப்புறம், இந்த ஸ்பாஞ்சு ரூம்ல, என் பக்கத்துலயே நிக்கிற மாதிரி பிலோ. எனக்கு சுண்டு விரல் மடங்கிக்கிச்சு, நானா மடக்கலை. அப்புறம் ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணா ஸ்க்ரீன்ல வெச்சுப் பெருசாக்கினான். "பாருங்க, மேல இருக்கிற கோடு நீங்க, கீழ அவங்க. அடுத்த மைக்ல நின்னவங்க ரெண்டு பேரும் சரியான இடத்துலதான் வர்றாங்க. உங்க மைக்தான் முந்துது. நீங்க முதல்ல வர்றீங்க, ஒரு செகண்டை நூறாப் பிரிச்சா பதினஞ்சு பங்கு கழிச்சு அவங்க வர்றாங்க." "சேர்ந்து வரலையா தம்பி?" "இல்லைம்மா, நீங்க வந்த அப்புறம்தான்." நல்லாப் பாருன்னேன், நல்லாப் பார்த்தான், அதேதான். அழுத்தலை. அவ அழுத்தவே இல்லை. அவ கையில பேப்பர் இருந்துச்சு, இன்னும் அரைத் தட்டு இருக்குன்னு அவளுக்குத் தெரியும், எண்ணத் தெரிஞ்சவ அவ. பக்கத்துல ஒருத்தி தனியாப் போய் விழறதைக் காதுல கேட்டிருக்கா. கண்ணைச் சிமிட்டக்கூட நேரமில்லை, அதுக்குள்ள தெரிஞ்சே, தப்புன்னு தெரிஞ்சே, என் பின்னாடி குதிச்சிருக்கா. தனியா விட்டிருந்தா அது தப்பு, துணைக்கு ஒருத்தி வந்ததால அது பாட்டு. கை தூக்கினதுதான் அவ எனக்குப் பண்ணினதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அதுக்கு முன்னாடியே பண்ணிட்டா.

"அப்போ தப்புதானாம்மா? நேராக்கிடட்டுமா?" நான் பதில் சொல்றதுக்குள்ள, இப்படிப் பண்ணா எப்படியிருக்கும்னு பாருங்கன்னு என் கோட்டை மவுஸால பிடிச்சு இழுத்து அந்தக் கட்டத்துல உட்கார வெச்சுட்டான். போட்டான். நான் அந்த ரெண்டு பேரோட சரியா, சமத்தா, டாண்ணு வரேன். அதுக்கு முன்னாடி பிலோ மட்டும் தன்னந்தனியா 'ஓ'ன்னு முந்தறா. அவ தப்பு பண்ணின மாதிரியே இருக்கு. அறுபது பேர் பார்த்துக்கிட்டிருக்கிற மாதிரியே இருக்கு. "வேணாம்! எடு! இருந்த இடத்துலயே வெய்யி!"ன்னு கத்திட்டேன் போல, தம்பி பயந்து எழுந்தே நின்னுட்டான். சாரிம்மா, சாரிம்மான்னு பழையபடி வெச்சான். மூச்சு வாங்கிக்கிட்டு சொன்னேன், "முதல் குரல் தப்பு தம்பி. அது என் தப்பு. ரெண்டாவது குரல் தப்பில்லை, அது வேணும்னே வெச்சது. என்னை நேராக்கினா அவ தனியா முந்தினதா ஆயிடும். ஒரு தரம் அப்படி ஆயிடுச்சு, போதும். தொடாதே. உங்க சார் கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு." அவனுக்குப் புரிஞ்சுதோ இல்லையோ, சரிம்மான்னான். ஸ்க்ரீன்ல குரல் ஒண்ணு, குரல் ரெண்டுன்னு பேர் போட்டிருந்தான். அதை அழிச்சுட்டுப் பேர் எழுதுப்பா, பாட்டு வெளிய வரும்போதும் பேராவே போடச் சொல்லுன்னேன். "சொல்லிப் பார்க்கறேன்ம்மா. எப்படி எழுதணும்?" "மேல தமயந்தி. கீழ பிலோமினா." யோசிச்சேன். "இல்ல, பிலோமினாவை மேல போடு."

வெளிய வந்து, செருப்பு ஸ்டாண்டுகிட்ட, மாடிப்படி கம்பியைப் பிடிச்சுக்கிட்டு போன் பண்ணினேன். படம் அனுப்பலை, போன். அஞ்சாவது ரிங்ல எடுத்தா. பின்னால யாரோ குழந்தைங்க பாடிக்கிட்டிருந்தாங்க, கொயர் போல, அவ போனைப் பொத்திக்கிட்டு சும்மா இருங்கலேன்னு அதட்டினது கேட்டுச்சு. "யாரு, தமாவா? என்னட்டி, பொங்கல்கூட வரலியே இன்னும்." எப்படி ஆரம்பிக்கிறதுன்னு ரூமை விட்டு வரும்போது யோசிச்சது அத்தனையும் போச்சு. "பிலோ, நான்தான் முந்தினேன்"னேன். அவ்வளவுதான் வந்துச்சு. எந்தப் பாட்டுன்னு அவ கேக்கலை, எப்பன்னு கேக்கலை. குழந்தைங்க பாட்டு தூரமாப் போச்சு, எழுந்து வெளிய வந்துட்டா போல. "அது எனக்குத் தெரியும்லா"ன்னா. "இப்ப என்ன திடீர்னு?" கம்ப்யூட்டர்ல பிரிச்சுப் பார்த்தாங்க பிலோ, நீ எனக்குப் பின்னாடி வந்தது தெரிஞ்சுதுன்னேன். ஒரு சிரிப்பு சிரிச்சா, பழைய சிரிப்பு, மூக்கால. அப்புறம் சிரிப்பு நின்னுடுச்சு. "கம்ப்யூட்டர் சொல்லிட்டாக்கும்? ஒருநா இல்லாட்டி ஒருநா நீ சொல்லுவன்னுல்லா இருந்தேன் நான்." மூச்சு கேக்குது. எதிர் வீட்டுல குக்கர் சத்தம் போட்டு அடங்குச்சு. மறுபடி பன்னெண்டு பார், எண்ண வராது எனக்கு, அழுத்தற விரலும் இல்லை. நானே வாயைத் திறந்தேன். "பிலோ, உன் டிபன் டப்பா என்கிட்டதான் இருக்கு. இந்த வாரமே ரயிலேறி நானே எடுத்துக்கிட்டு வரேன்." மூக்கை உறிஞ்சற சத்தம் கேட்டுச்சு. "வா"ன்னா. அப்புறம், டீச்சர் குரல்ல, "வெறும் டப்பாவாக் கொண்டாந்துராதட்டி"ன்னா.